தாய்மாமன் மூச்சு

அத்தியாயம் 14

போன வாரம் முத்துமீனாவை நாம் விட்டுவிட்டு வந்தது காளவாசல் பக்கத்துச் சந்தில், அவள் வீட்டு அடுப்படியில், காதில் போனோடு. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டியவன் எடுக்கவில்லை. வேறு யார், கொழுந்தன் சுருளிதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் "இனிமே என் வீட்டு வாசப்படிய மிதிக்காத" என்று எந்த வாயால் விரட்டினாளோ அந்த வாயாலேயே அவனைக் கூப்பிட வேண்டிய நிலைமை. இதைத் தலையெழுத்து என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். கடைசியில் வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள். "சுருளி, மதினி பேசுறேன். நாளைக்குக் காலையில கீழக்குயில்குடி கோயிலுக்கு வந்துரு. புள்ளைய மடியில வச்சுக்கிட்டு உங்க அண்ணனால அம்புட்டு நேரம் ஒக்கார முடியுமான்னு பயமா இருக்கு. நீ வந்து சும்மா ஓரமா நின்னாப் போதும். அவருகிட்ட நான் எதுவும் சொல்லல."

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்ததும் முதல் வேலையாகப் போனைத்தான் பார்த்தாள். அவன் அதைக் கேட்கவே இல்லை.

இந்த வாரம்தான் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு ரெண்டு வார்த்தை. முத்துமீனாவின் புருஷன் பாண்டிராஜுக்கு வயது நாற்பத்தொன்பது. கப்பலூரில் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் இருபத்திரண்டு வருஷம் மண்ணையும் புகையையும் மூச்சாக இழுத்தவன், போதாததற்குப் பீடி வேறு. இப்போது நுரையீரலில் பாதி அவன் பேச்சைக் கேட்பதில்லை. வீட்டில் இருந்தால் பெரிய மிஷின், அறைக்கு அறை நீளும் டியூப். வெளியே போனால் தோளில் தொங்கும் சின்ன மிஷின். அவன் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது 'புஸ்' என்று ஒரு வாய் ஆக்சிஜனை மூக்குக்குள் அனுப்பும்.

அந்த மிஷின் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில்தான் சுருளி அண்ணனைப் பார்க்க வந்து, பழக்க தோஷத்தில் கட்டிலோரம் உட்கார்ந்து பீடிக்குத் தீக்குச்சியைக் கிழித்தான். ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் நெருப்பு. முத்துமீனா அவன் கையைத் தட்டிவிட்டு, தெருவே கேட்கிற மாதிரி பேசிவிட்டாள். பேசினதில் நியாயம் இருந்தது, அளவு இல்லை. அன்றைக்குப் போனவன்தான்.

இன்றைக்கு விசேஷம் பாண்டிராஜுக்கும் சுருளிக்கும் தங்கை அன்னக்கொடி வீட்டில். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள் இசைவாணிக்கு மூணு வயசில் முடியெடுத்துக் காதுகுத்து. ரெண்டும் தாய்மாமன் மடியில்தான் நடக்க வேண்டும். பெரிய தாய்மாமன் பாண்டிராஜ் இருக்கும்போது அடுத்தவன் மடிக்குப் பேச்சே இல்லை. அவனும் ஒரு வாரமாகப் பத்துக் கிலோ அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்துப் பழகியிருந்தான். "அரிசி அழுகாது, உதைக்காது. புள்ள ரெண்டும் செய்யும்" என்று முத்துமீனா சொன்னால், "அழுகட்டும், என் தங்கச்சி மகதானே" என்பான்.

"இந்தப் பக்கம் திரும்புங்க. காதுக்குப் பஞ்சு வைக்கணும்."

டியூப் உரசி உரசிக் காதுமடலுக்குப் பின்னால் புண்ணாகியிருந்தது. முத்துமீனா பஞ்சை மெலிதாகத் திரித்து டியூபில் சுற்றினாள்.

"காதுகுத்து எனக்கா, புள்ளைக்கா?" என்றான் பாண்டிராஜ்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பையைத் திறந்து மறுபடியும் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மாற்று பேட்டரி, கார் சார்ஜர், இன்னொரு டியூப், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கிற கிளிப், டாக்டர் சீட்டு. மிஷினின் அளவை ரெண்டாம் நம்பரில் வைத்தால் ஒரு பேட்டரி மூணரை மணி நேரம் ஓடும். அந்த ரெண்டாம் நம்பரை டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நடந்தாலும் ரெண்டு, உட்கார்ந்தாலும் ரெண்டு, என்னைக் கேட்காமல் தொடாதீர்கள் என்று.

"ராகு காலம் பத்தரைக்கு. அதுக்குள்ள முடிச்சிருவாகளா?" என்றாள்.

"முடிச்சிருவாக. நீ மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு வராத மீனா. எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுறீக."

அதட்டியபடியே பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

வாடகைக் காரில் ஏறியதும் முதலில் டிரைவரிடம் சார்ஜில் கிடந்த அவர் போனைப் பிடுங்கச் சொல்லி, அந்தச் சாக்கெட்டில் மிஷினைச் சொருகினாள். தேனி ரோட்டில் கார் போகப் போகப் பேட்டரி குறையாமல் நூறிலேயே நின்றது. அதுவரைக்கும் அவளுக்கும் நிம்மதிதான். ஏழே முக்காலுக்குச் சமணமலை அடிவாரத்தில் இறங்கியபோது அந்த நிம்மதி போய்விட்டது. ஆலமரத்தடியில் வரிசையாகப் பொங்கல் அடுப்பு. பச்சை விறகு. புகை அத்தனையும் நேராக நாற்காலிகளைப் பார்த்து வந்தது.

"அடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலிய போடுங்க. காத்துக்கு எதுத்தாப்புல வேணாம்" என்று அவளே இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அன்னக்கொடி புருஷன் வீட்டு இளவட்டம் ஒருத்தன் பாண்டிராஜின் தோள் பையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "அண்ணே, போட்டோவுக்கு வந்தவகளா? புள்ள முடியோட இருக்கும்போதே ஒண்ணு எடுத்துருங்கண்ணே."

"நான் மூச்சு மட்டுந்தேன் எடுப்பேன் மாப்ள" என்றான் பாண்டிராஜ். பையன் அப்போதுதான் மூக்கிலிருந்த டியூபைப் பார்த்தான், நெளிந்துகொண்டு போய்விட்டான். பாண்டிராஜ் சிரித்தான். சிரித்ததற்கு ஒரு நிமிஷம் இருமினான்.

அன்னக்கொடி பட்டுச் சேலை தடுக்கத் தடுக்க ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை இசைவாணி வந்தவுடன் டியூபைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "மாமா, இது ஏன் மூக்குல?" என்றாள்.

"மாமா மூக்குக்குத் தாகம் ஆத்தா. இது தண்ணி காட்டுது."

"எனக்கும் தாகம்" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். முத்துமீனா மட்டும் டியூப் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

சங்கடம் ஆரம்பித்தது சூடத்தட்டில். அன்னக்கொடியின் மாமியார் ஒச்சாயி, பூசாரி கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு முதல் மரியாதையாகத் தாய்மாமனிடமே வந்தாள். சூடம் கொழுந்துவிட்டு எரிந்தது. முத்துமீனா குறுக்கே போய் நின்றுவிட்டாள்.

"அத்தை, அங்கனயே நில்லுங்க."

"ஏத்தா, சாமி சூடத்தையா மறிக்கிற?"

"மூக்குல ஆக்சிஜன் ஓடுது அத்தை. நெருப்பு கிட்ட வரக் கூடாது. ஒரு பொறி போதும். நானே வாரேன்."

தட்டிருந்த இடத்துக்கு அவளே போய், ரெண்டு உள்ளங்கையையும் சூடத்தின் மேல் காட்டி, அந்தச் சூடு ஆறுவதற்குள் வந்து புருஷன் கண்களில் ஒற்றினாள். பாண்டிராஜ் கண்ணை மூடிக்கொண்டான். சாமிக்கு அது போதும். ஒச்சாயிக்குத்தான் போதவில்லை.

"நெருப்பக் கண்டு ஒதுங்குற மனுசனத்தேன் தாய்மாமன்னு ஒக்கார வைக்கணுமாக்கும்" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்கிற மாதிரி எல்லாருக்கும் சொன்னாள். "புள்ள மடியில இருக்கும்போது ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா? பதினோரு வருசம் தவமிருந்து பெத்த புள்ள."

அந்தப் பேச்சு பாண்டிராஜ் காதில் விழுந்தது. அன்னக்கொடி காதிலும் விழுந்தது. அவள் முகம் கன்றிப்போனதை முத்துமீனா பார்த்தாள். பார்த்ததோடு விட்டுவிட்டாள், அதுதான் தப்பு.

ஒன்பது மணி ஆகியும் திருமங்கலத்துப் பங்காளிகள் வந்து சேரவில்லை. அவர்கள் இல்லாமல் சீர் எடுக்கக் கூடாது என்று ஒரு பேச்சு. ஒருவழியாக வந்தார்கள். தாய்மாமன் சீர்த்தட்டை ரோட்டிலிருந்து கோயில் வரைக்கும் மேளத்தோடு கொண்டுவர வேண்டும். முதல் தட்டைத் தாய்மாமன் பெண்டாட்டிதான் சுமக்க வேண்டும்.

முத்துமீனா புருஷனைப் பார்த்தாள். பிறகு மிஷினைப் பார்த்தாள். ரெண்டாம் நம்பர். பேட்டரி அறுபத்தஞ்சு.

"போயிட்டு வா. நான் எங்க ஓடப்போறேன்" என்றான் பாண்டிராஜ்.

"நான் இருக்கேன்ல மதினி, அண்ணன நான் பாத்துக்கிறேன்" என்றாள் அன்னக்கொடி.

தட்டில் புதுப் பாவாடை சட்டை, வளையல், பழம், மாலை. மேளக்காரர்கள் நாலு அடி நடந்தால் ஒரு இடத்தில் நின்று வாசிக்கிறார்கள். இளவட்டங்கள் ஆடுகிறார்கள். ஆடுகிறவர்களைப் போகச் சொல்ல முடியுமா? தலையில் தட்டோடு நின்றுகொண்டு முத்துமீனா கூட்டத்தில் சுருளியைத் தேடினாள். கண்மாய்க் கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளைத் தேடினாள். ஒருத்தன் பின்னாலிருந்து சுருளி மாதிரியே இருந்தான், திரும்பியதும் வேறு முகம். வர மாட்டான், அவன் ஏன் வருவான், நான் பேசின பேச்சுக்கு வேறு ஒருத்தனாக இருந்தால் அண்ணன் சாவுக்கும் வர மாட்டான் என்று நினைத்தவள், அந்தச் சாவு என்கிற சொல்லை நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கோயில் வாசலில் தட்டை இறக்கும்போது மணி பத்தாகப் பத்து நிமிஷம்.

பாண்டிராஜ் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"மதினி, அண்ணனப் பாருங்க" என்றாள் அன்னக்கொடி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மூச்சு வாங்கவே இல்ல. மூஞ்சி எம்புட்டுத் தெளிவா இருக்கு. எத்தன நாள் தூக்கமோ, பாவம்."

முகம் தெளிவாகத்தான் இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே சிவந்திருந்தது. முத்துமீனா கையைத் தொட்டாள், கதகதவென்று இருந்தது. மிஷினிலிருந்து வருகிற 'புஸ்' வழக்கமான 'புஸ்' இல்லை, ரொம்பக் கனமாக வந்தது. ரெண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்தவளுக்கு அது தெரியாதா?

பேட்டரியைப் பார்த்தாள். இருபது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, இருபது குறையலாம், நாற்பத்தஞ்சு எப்படிக் குறையும்? நம்பரைப் பார்த்தாள்.

நாலு.

"யாரு இதைத் தொட்டது?"

அவள் விரல் கிளிப்பை எடுத்து அவன் விரலில் மாட்டினாள். எண் ஓடி ஓடி நின்றது. அன்னக்கொடி புருஷன் காளை எட்டிப் பார்த்தான்.

"தொண்ணூத்தேழா? நமக்கே அம்புட்டு இருக்காதுக்கா. மச்சான் பாஸ்."

பக்கத்தில் நாலு பேர் முகம் மலர்ந்தது. தொண்ணூத்தேழைப் பார்த்துப் பயப்படுகிற பொம்பளை மதுரையில் முத்துமீனா ஒருத்தியாகத்தான் இருப்பாள். மற்றவர்களுக்கு அது நல்ல நம்பர். இவனுக்கு எண்பத்தெட்டுக்கும் தொண்ணூத்திரண்டுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். "ஆக்சிஜன் கூடிப்போச்சுன்னா கெட்ட காத்த வெளிய தள்ளுறத இவரு ஒடம்பு மறந்துரும்மா. அது உள்ளயே தங்கும். தூக்கம் தூக்கமா வரும். அந்தத் தூக்கத்த மட்டும் நம்பிராதீங்க" என்று டாக்டரம்மா சொன்னது அப்படியே காதில் கேட்டது.

நாலை மூன்றாக்கி, மூன்றை ரெண்டாக்கினாள். ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து.

"ஏங்க. ஏங்க, கண்ணத் தொறங்க."

பாண்டிராஜ் இமையைப் பாதி தூக்கினான். அவளைப் பார்த்தான். பார்த்த மாதிரி தெரியவில்லை.

"ஷிப்டு முடிஞ்சிருச்சா?" என்றான்.

பவுண்டரிக்குப் போவதை நிறுத்தி மூணு வருஷமாகிறது. சுற்றி நின்றவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அன்னக்கொடி மட்டும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"நாந்தேன் மதினி" என்றாள். "அத்தை அப்படிப் பேசுனதும் மனசு கேக்கல. எல்லாருக்கும் முன்னால அண்ணன் எளைக்காம ஒக்காரணும்னு நெனச்சேன். கூட வச்சா நல்லதுதானேன்னு ரெண்டு தடவ அமுக்குனேன்."

அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. இலையில் உட்கார்ந்தவனுக்கு வேண்டாம் வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி வைத்துப் பழகின கை. அதே கைதான் இதையும் செய்திருக்கிறது.

"அழுகாத. ஒரு சொம்புத் தண்ணி கொண்டா. நிமுத்தி ஒக்கார வைங்க அவர."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நர்ஸ் எடுத்தது கடவுள் புண்ணியம். "ரெண்டுக்கு எறக்கிட்டீங்கல்ல? தூங்க விடாதீங்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. கால் மணி நேரத்துல தெளியலேன்னா ஒடனே கூட்டிட்டு வந்துருங்க" என்றாள்.

கால் மணி நேரம். முத்துமீனா அவன் முகத்தில் தண்ணீரைத் தெளித்துத் துடைத்தாள். காலி ஆகப்போகிற பேட்டரியைக் கழற்றி மாற்றினாள். காளையிடம் காரைத் திருப்பி நிறுத்தச் சொன்னாள்.

"உதட்டக் குவிச்சு ஊதுங்க. அடுப்பு ஊதுற மாதிரி. இன்னொரு தடவ. நம்ம வீட்டுக் கதவு நம்பர் என்ன?"

அவன் ஊதினான். கண் மறுபடியும் மூடப் பார்த்தது.

"உங்க தங்கச்சி மக பேரு என்ன?"

"தூக்கம் வருது மீனா."

"தூக்கமெல்லாம் வீட்டுல போயி. பேரச் சொல்லுங்க."

பின்னால் ஒச்சாயியின் குரல் கேட்டது. "மணி பத்தாச்சு. ஆசாரி ஊசியோட ஒக்காந்துருக்காரு. ராகு காலம் வந்துட்டா யாரு பதில் சொல்றது?" யாரோ அவளைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். முத்துமீனா திரும்பவே இல்லை. கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூத்தஞ்சு. அப்புறம் தொண்ணூத்துநாலு. ஊரெல்லாம் இந்த நம்பர் ஏற வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும், அவள் இறங்கு இறங்கு என்று மலையடியில் நின்று கும்பிட்டாள். சாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

"இசைவாணி" என்றான் பாண்டிராஜ் திடீரென்று. "என்ன கேள்வி கேக்குற நீ? புள்ள பேரு எனக்குத் தெரியாதா?"

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கிளிப்பில் தொண்ணூத்திரண்டு. மணி பத்து அடித்துப் பத்து நிமிஷம்.

பாண்டிராஜ் தலையைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். கூட்டம், தண்ணீர்ச் சொம்பு, அழுத முகத்தோடு தங்கை. நடந்தது அவனுக்கு மெல்லப் புரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தான். பாதியில் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"புள்ளையக் கொண்டாங்க" என்றான்.

"வேணாம்" என்றாள் முத்துமீனா.

அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்வாள் என்று அவளே நினைத்ததில்லை. புருஷன் ஒரு வாரமாக அரிசிப் பையைச் சுமந்ததெல்லாம் இந்த ஒரு கால் மணி நேரத்துக்காக என்று தெரிந்தும் சொன்னாள். "கோவிச்சுக்கிட்டாலும் சரி. இப்ப உங்களால முடியாது. முடியெடுக்குறவரு கையில கத்தியோட இருக்கும்போது உங்களுக்குக் கண்ணு சொருகுச்சுன்னா புள்ளைக்கு என்ன ஆகும்?"

"அப்ப யாரு மடியில ஒக்கார வைக்கிறது?" ஒச்சாயி கேட்டாள். இந்தத் தடவை அவள் குரலில் குத்தல் இல்லை, பயம்தான் இருந்தது. "சின்னவனும் வரலையே, வேற தாய்மாமனுக்கு எங்க போறது?"

வராதவன் பேரை முத்துமீனா எப்படிச் சொல்வாள்?

"சுருளி வந்துருப்பான்" என்றான் பாண்டிராஜ். "புளியமரத்துக்கிட்ட கார் நிக்கிற பக்கம் பாருங்க. அவனக் கூப்பிடுங்க."

முத்துமீனா புருஷனைப் பார்த்தாள். இன்னும் தெளியவில்லையோ என்று கிளிப்பைப் பார்த்தாள். அதற்குள் காளை ஓடிப்போய், கார்களுக்குப் பின்னாலிருந்து ஒருத்தனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான்.

சுருளிதான். ரெண்டு வருஷத்தில் முன்மண்டையில் வழுக்கை ஏறியிருந்தது. சரிகை போட்ட புதுவேட்டி, தோளில் புதுத்துண்டு. சும்மா ஓரமாக நிற்க வந்தவன் யாரும் இப்படி உடுத்திக்கொண்டு வர மாட்டான். அது அவள் கண்ணில் பட்டது, யோசிக்கத்தான் நேரமில்லை.

அவன் அண்ணனுக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டான். முத்துமீனாவைப் பார்த்துச் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். காலியாக இருந்தது.

"பீடிய விட்டு ஒண்ணரை வருசம் ஆச்சு மதினி. கிட்ட வரலாமா?"

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

சுருளி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குழந்தை அவனைக் கண்டதும் வீறிட்டது. பார்த்துப் பழகாத மாமன். பாண்டிராஜ் தன் நாற்காலியை ஒட்டிப் போடச் சொல்லி உட்கார்ந்து, ஒரு விரலை நீட்டினான். இசைவாணி அதைப் பிடித்துக்கொண்டாள். முடி இறங்கி முடிகிறவரைக்கும் விடவில்லை. ஊசி ஏறியபோது அந்த விரலை நகத்தால் கீறினாள். பத்து இருபத்தஞ்சுக்கு ரெண்டு காதிலும் தோடு ஏறியது. மேளம் கொட்டியது. ஒச்சாயி தன் முந்தானையால் குழந்தையின் மொட்டைத்தலையைத் துடைத்துச் சந்தனம் பூசினாள். பாண்டிராஜ் அழுதான். ஆனந்தமா, மடி கொடுக்க முடியாத வருத்தமா என்று முத்துமீனாவுக்குத் தெரியவில்லை. ரெண்டுமாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவளுக்கும் அப்படித்தான் வந்தது.

கிளிப்பில் தொண்ணூறு. ஆஸ்பத்திரிக்கு மறுபடி போன் பண்ணி நம்பரைச் சொன்னாள். சாயங்காலம் கூட்டிவந்து ஒருமுறை காட்டுங்கள் என்றார்கள். அப்போதுதான் அவளுக்கு ஒழுங்காக மூச்சு விட வந்தது.

பந்தி போட ஆரம்பித்திருந்தார்கள். சுருளி குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். முத்துமீனா அவனிடம் போனாள்.

"அன்னைக்கு நான் பேசுனதுல பாதி பேசியிருக்கக் கூடாது சுருளி."

"நான் தீக்குச்சிய கிழிச்சிருக்கக் கூடாது. விடுங்க மதினி."

"நான் அனுப்பினதக் கேக்கவே இல்லைன்னு நெனச்சேன். வர மாட்டியோன்னு உசுரு போயி உசுரு வந்துச்சு."

சுருளி விழித்தான். "எத அனுப்புனீக? என் போன் தண்ணியில விழுந்து ரெண்டு நாளாச்சு, மணி மட்டும் அடிக்கும், தெர தெரியாது. கடையில குடுத்துருக்கேன்."

"அப்ப எப்படி வந்த?"

"அண்ணந்தேன் வரச் சொன்னாரு. செவ்வாக்கெழம மத்தியானம். புதுவேட்டி கட்டிக்கிட்டு வா, என்னால முடியலேன்னா நீதேன் ஒக்காரணும், நான் கூப்பிடுற வரைக்கும் மறைஞ்சு நில்லு, மீனாவுக்குத் தெரிய வேணாம்னாரு."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் தையல் கம்பெனியில் இருந்தாள். சாயங்காலம் வந்தபோது வீட்டில் புருஷன் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தவன், காலாற டீக்கடை வரைக்கும் போனேன் என்றான். மிஷினோடு அவ்வளவு தூரம் நடந்தானே என்று அவள் சந்தோஷப்பட்டு, அன்றைக்கு அவனுக்குப் பிடித்த அயிரை மீன் குழம்பு வைத்தாள்.

"செவ்வாக்கெழம நீ அவரப் பாத்தியா?"

"நாந்தேன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். நெஞ்சுப் படமெல்லாம் எடுத்தாக. டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் ஒக்கார வச்சு ரொம்ப நேரம் பேசுனாக." சுருளி சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். குழாயை மூடினான். "அன்னைக்கே உங்ககிட்ட சொல்லிர்றேன்னாரே. இன்னும் சொல்லலையா மதினி?"

அவள் திரும்பினாள். ஆலமரத்தடியில் பாண்டிராஜ் இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பியையும் பெண்டாட்டியையும் சேர்த்துப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

நடுவில் பந்திக்கு ஓடுகிற கூட்டம். அதை விலக்கிக்கொண்டு அவள் வந்து நிற்கிறவரைக்கும் அவன் கண்ணை எடுக்கவில்லை.

"செவ்வாக்கெழம டாக்டர் என்ன சொன்னாக?"

பாண்டிராஜ் பக்கத்திலிருந்த நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டான். அதற்கே அவனுக்கு இளைத்தது.

"மொதல்ல சாப்புடு மீனா" என்றான். "காலையிலருந்து நீ பச்சத்தண்ணி குடிக்கல. சாப்பிட்டுட்டு வா, சொல்றேன். வெறும் வயித்தோட கேக்குற சேதி இல்ல அது."